தெரிந்தே வாங்கியது

மல்கிரேவ், மெல்பேர்ண்
03.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீங்கள் தொலைபேசியை வைத்த பிறகும் நான் இரண்டு மூன்று வசனம் பேசிக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தொலைபேசியில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஓம், ஓம்" என்பேன், கடைசியில் எனக்கும் சம்மதம் என்று முடிவாகிவிடும். எழுபத்தொரு வயதில் அதை மாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி கடிதம். வழக்கம்போலக் கணினியில் தட்டி அச்செடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்தை ஒருவருக்கும் காட்டக் கூடாது என்று 1980இல் நீங்கள் சொன்னதை நான் இன்னும் மீறவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நூலகத்திலிருந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து மண்டபத்தில் ஒதுங்கினேன். உள்ளே பாம்பு, ஓணான் வளர்ப்பவர்களின் கண்காட்சி. நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் சோடி சேர்த்துப் பெருக்கும் வகைகளை அவர்கள் மோர்ஃப் என்கிறார்கள். ஒரு பெட்டியைச் சுற்றி மட்டும் கூட்டம். கார்ப்பெட் பைத்தன் என்ற மலைப்பாம்பின் குட்டி, ஜாகுவார் என்ற மோர்ஃப். பொன்மஞ்சள் உடம்பு, கரிக்கோடு போட்டதுபோல ஓரங்கள். அதன் தலை ஓரிடத்தில் நிற்கவில்லை. காற்றில் சிறு வட்டங்கள் வரைந்துகொண்டிருந்தது. இடைக்கிடை கழுத்து முறுகி, தாடை மேலே பார்த்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். பெட்டியின் மேல் ஓர் அட்டை: "நரம்புக் குறை உண்டு. பரம்பரை. தெரிந்தே வாங்கவும்."

மழை விட்டபின்னும் நான் அந்த அட்டைக்கு முன்னால் நின்றேன்.

வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் இதைப் பற்றியே படித்தேன். அந்தக் கோலமும் அந்தக் குறையும் ஒன்றாகவே வருகின்றன. கோலத்தை வைத்துக்கொண்டு குறையை நீக்க இதுவரை ஒருவராலும் முடியவில்லை. சிலவற்றில் கண்ணுக்குத் தெரியாது, சிலவற்றில் இப்படித் தெரியும். இதையெல்லாம் அறிந்த பிறகே அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தேன். அது வந்ததும் கஜந்தி என்னைக் காரில் பாக்கன்ஹாமுக்கு, அதை வளர்த்தவரின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உங்கள் மகளைக் கோபிக்க வேண்டாம். கார் ஓட்டியதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை.

பாம்பு இப்போது முன்னறையில், கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டிக்குள் இருக்கிறது. நான் செய்தது பிழையாக இருக்கலாம். அப்படி நினைக்கக் காரணங்களும் எனக்கே தெரியும். ஆனால் நீங்கள் நேற்றுச் சொன்னபடி திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
தம்பி மூர்த்தி


வெஸ்ட்மீட், சிட்னி
11.03.2024

தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு,

பாம்பு என்றதால் நான் கத்தினேன் என்று நினைக்கிறாய். முப்பது வருடம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஊர்ப்பட்ட மனிதரின் இரத்தம் பார்த்தவள் நான். பாம்புக்குப் பயப்பட எனக்கு நேரமிருக்கவில்லை.

ஒரு சீவன் காலம் முழுக்க நேராகத் தலை நிமிர்த்த முடியாமல் இருக்கும் என்று தெரிந்துகொண்டு, அழகான கோலத்துக்காக ஒருவன் அதைப் பிறப்பிக்கிறான். நீ அவனிடம் போய்க் காசு கொடுத்திருக்கிறாய். அவன் அடுத்த வருடமும் அதே சோடியைச் சேர்ப்பான். ஏன் என்று கேட்டால், மல்கிரேவிலிருந்து ஒரு படித்த மனிதர் வந்து வாங்கினார் என்பான். ஐந்து வாரம் படித்தாயாம். ஐந்து வாரத்தில் இது உனக்குத் தோன்றவில்லையா? இரக்கம் என்று நீ நினைப்பது அவனுக்கு வியாபாரம்.

மற்றது, நேரம். கஜந்திக்கு முப்பத்தைந்து வயது. எத்தனை சம்பந்தம் பேசி எத்தனை குழம்பியது என்று உனக்குத் தெரியும். இப்போதுதான் அவளாக ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். யதுஷன் நல்ல பிள்ளை. தகப்பன் இளங்கீரன் டண்டினோங்கில் கடை வைத்திருந்தவர். சித்திரை வருடப் பிறப்பு முடிய மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாய்மாமனைப் பார்க்க உன் வீட்டுக்கு வருவார்கள். அவளுக்கு மெல்பேர்ணில் இருக்கிற ஒரே மூத்த ஆள் நீதான். வந்து இருந்து தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்கு முன்னால், தலை ஆடுகிற பாம்பை வைத்துப் பரம்பரை வருத்தம் என்று விளக்கம் சொல்லப் போகிறாயா? அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஆர் முதலில் வாயில் எடுப்பது என்று எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாம்பைக் கொடுத்துவிடு. கொடுக்க இடமில்லாவிட்டால் நான் தேடித் தருகிறேன்.

அக்கா
சிவமணி


மல்கிரேவ்
20.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் தட்டச்சில் வந்தது ஆச்சரியம். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்கு முதற்பரிசு வாங்கியவர் நீங்கள். காலத்தோடு நீங்களும் மாறிவிட்டீர்களாக்கும்.

முதலில் உங்கள் முதல் கேள்வி.  ஒரு வாரம் யோசித்தேன். நான் வாங்கியதால் அந்த மனிதர் அடுத்த வருடமும் அதே சோடியைச் சேர்ப்பார். நீங்கள் சொன்னது சரி.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அந்த அட்டையின் நேர்மையில் மயங்கித்தான் வாங்கினேன். பாக்கன்ஹாமில் அவருடைய வீட்டுக்குப் போனபோது அதே தாயின் மற்றக் குட்டிகளையும் பார்த்தேன். அதே பொன்மஞ்சள் கோலத்தோடு ஐந்து. அவற்றின் பெட்டிகளில் அட்டை இல்லை. இவற்றுக்கும் அதே குறை இருக்குமே என்று கேட்டேன்.  அவர் சிரித்து, "இவை சுத்தம், ஒன்றும் தெரியாது பாருங்கோ" என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு வெளியே வரக்கூடும் என்று நான் படித்திருந்தேன். அப்போதுதான் விளங்கியது. ஒளிக்க முடியாததற்கு மட்டும்தான் அவர் அட்டை எழுதுகிறார். ஒளிக்கக் கூடியதைச் சுத்தம் என்று விற்கிறார். அந்த இடத்திலேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் கையில் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் அது வட்டம் வரைந்துகொண்டிருந்தது. நான் வாங்கியது பிழை. திருப்பிக் கொடுத்தால் அவர் இன்னொருவருக்கு விற்பார், இரண்டு பிழையாகும். ஒரு பிழையோடு நிற்கிறேன்.

அதற்குச் சாப்பாடு கொடுப்பதைக் கேளுங்கள், சிரிப்பு வரும். உறைய வைத்த எலியை இளஞ்சூட்டில் வைத்து எடுத்து, நீண்ட இடுக்கியால் பிடித்து முகத்துக்கு முன்னால் நீட்ட வேண்டும். எலி உயிரோடு இருக்கிறது என்று பாம்பு நினைக்கும்படி கொஞ்சம் ஆட்டவும் வேண்டும் என்று விற்றவர் சொல்லித் தந்தார். ஆட்டுவதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. எழுபத்தொரு வருடத்தில் இந்தக் கை முதல்முறையாக ஒரு வேலைக்குத் தகுதியாக இருந்தது. ஆனால் என் கை ஒரு பக்கம் போக, அதன் தலை மற்றப் பக்கம் போக, பதினொரு முறை தவறவிட்டது. கண்ணாடியைக் கடித்தது, இடுக்கியைக் கடித்தது, ஒருமுறை தன்னையே கடித்தது. பிறகு மணிக்கட்டைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றினேன். ஆட்டம் பாதியானது. பன்னிரண்டாம் முறை பிடித்துவிட்டது. எல்லாம் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. பாம்பின் பெயர் அதில் "இல. 1" மட்டும்தான். கஜந்தி அதைப் "பெரியவர்" என்கிறாள்.

மாப்பிள்ளை வீட்டார் பற்றி. அக்கா, 1981இல் எனக்குத் தவமலரைப் பேசினீர்கள். ஏழு மாதம் நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, என் பெயரில் அவளுக்குக் கடிதங்கள் போயின. கலியாண எழுத்து அன்று பதிவுகாரருக்கு முன்னால் நானே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பேனை தாளில் துள்ளியது. அவளுடைய அப்பா பார்த்தார். காய்ச்சல் என்று நீங்கள் சொன்னீர்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. உங்களோடு அறைக்குள் போனாள். ஒரு மணித்தியாலத்தில் வந்த கார்கள் திரும்பிவிட்டன. கை நடுங்குகிறவன் வேண்டாமாம் என்று நீங்கள் வந்து சொன்னீர்கள். அது நியாயம்தானே என்று நாற்பத்து மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒளித்து வைத்ததுதான் பிழை என்று அந்த அட்டைக்கு முன்னால் நின்றபோதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

அன்புடன்,
மூர்த்தி


வெஸ்ட்மீட்
02.04.2024

தம்பிக்கு,

1981ஐ இப்போது எதற்கு எடுக்கிறாய்? உன் சொற்களை நான் எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்பா சாகும்வரை சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டு திரிந்தார். அவர் வைத்திருந்தபடியால்தான் எனக்கு ஒரு கலியாணம் நடந்தது, கஜந்தி பிறந்தாள். ஒளித்தது பிழை என்றால் அவள் பிறந்ததும் பிழையா? உன்னுடைய நியாயத்தை அதன் வழியில் நடந்து பார். அப்பா பிள்ளை பெற்றிருக்கக் கூடாது என்ற இடத்தில்தான் போய் நிற்பாய். பாம்பு விற்கிறவனுக்கும் அப்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுது பார்ப்போம்.

ஏப்ரல் 20, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு வருகிறார்கள். எனக்கு முழங்கால் நோ, விமானத்தில் இருக்க முடியாது. வீடியோவில் வருவேன். நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாம்பை அன்றைக்காவது பின் கராஜில் வை. நீளக்கைச் சட்டை போடு. தேத்தண்ணியைக் கஜந்தி கொடுக்கட்டும், நீ கோப்பையைத் தூக்காதே, இப்போதுதான் குடித்தேன் என்று சொல்.

மற்றது, ஜூன் 8ஆம் தேதிக்கு வைத்திருக்கிற கலியாண எழுத்துக்கு நீதான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கஜந்தி கேட்டாளாம். அதற்கு நீ ஓம் என்று சொல்லாதே. எங்கள் ஊர்க்காரர் சிறிதரன் அண்ணை இருக்கிறார், அவர் போடட்டும். இன்னொரு எழுத்து மேசை குழம்புவதை நான் பார்க்கப் போவதில்லை.

சிவமணி


மல்கிரேவ்
09.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்ட வித்தியாசத்தை நான்கு நாளில் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றைக் கிழித்தேன். மிஞ்சியது இது. பாம்பு விற்கிறவர் அந்தக் கோலம் வேண்டும் என்பதற்காக அந்தக் குறையைத் தேர்ந்தெடுக்கிறார். அப்பா ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு நாங்கள் வேண்டியிருந்தோம், அவ்வளவுதான். நான் பிறந்ததில் பிழையில்லை. கஜந்தி பிறந்ததில் நிச்சயமாக இல்லை. இது சரியான மறுமொழியா தெரியாது. முப்பது வருடம் ரயில் நேர அட்டவணை போட்டவனுக்கு இதற்கு மேல் தத்துவம் வராது. ஆனால் சால்வை வேறு, பிள்ளை வேறு. பிள்ளையைக் காட்டிச் சால்வையை நியாயப்படுத்தாதீர்கள்.

இனி உங்கள் கட்டளைகள்.

பாம்பு கராஜுக்குப் போகாது. அங்கே குளிர், குளிரில் அதன் ஆட்டம் கூடும். அது முன்னறையில்தான் இருக்கும்.

நீளக்கைச் சட்டை போடுவேன், ஏப்ரல் மாதம் என்பதால்.

தேத்தண்ணியை நானே ஊற்றிக் கொடுப்பேன். என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான்தான் கொடுப்பது வழக்கம். அரைக் கோப்பைதான் ஊற்றுவேன், சிந்தினால் துடைப்பேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு ஓம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன்.  ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஒன்று மட்டும் உங்களுக்கு முன்னமே அறிவிக்கிறேன். அவர்கள் என்னைக் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். இது என் கை மட்டும் சம்பந்தப்பட்ட விசயம் அல்ல என்பதால் முதலில் கஜந்தியிடம் அனுமதி கேட்டேன். அவள் சொன்ன மறுமொழியை அவளே உங்களிடம் சொல்வாள். கேளுங்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதா வேண்டாமா என்று தபால் பெட்டிக்கு முன்னால் நின்று யோசிக்காமல் இருக்க, கஜந்தியிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

மூர்த்தி


மல்கிரேவ்
21.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நீங்கள் வீடியோவை நிறுத்திய பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. கஜந்தியின் தொலைபேசியையும் எடுக்கவில்லையாம். ஆகவே எழுதுகிறேன்.

உங்களைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். திரையில் உங்கள் முகம் மட்டும்தான் தெரிந்தது. இளங்கீரன் பெரிய உடம்புக்காரர், உட்கார்ந்ததும் கதிரை முனகியது. மனைவி பத்மினி வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார், பாம்பைக் கண்டதும் கைப்பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். யதுஷன் நேராகப் பெட்டிக்குப் போய், "ஹலோ பெரியவர்" என்றான். இதற்கு முன் மூன்று முறை வந்து போயிருக்கிறான் என்பது அப்போதுதான் தாய் தகப்பனுக்குத் தெரிந்தது.

நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். குசினியிலிருந்து முன்னறைக்கு ஒன்பது அடி. கோப்பைகள் சாசரில் தாளம் போட்டன.  அந்த இடத்தில்தான் உங்கள் திரை கறுத்தது.

இளங்கீரன் கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்கவில்லை, பாம்பைப் பார்த்தார்.

"என்ன வருத்தம் இதுக்கு?"

"பரம்பரை வருத்தம். நரம்பு. வாங்கேக்கையே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே வாங்கினனீங்கள்?"

"ஓம்."

பிறகு நான் உட்கார்ந்து, என் கோப்பையைத் தூக்கி, ஒரு வாய் குடித்தேன். சட்டையில் கொஞ்சம் போனது. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "எனக்கும் பரம்பரைதான். எங்கட அப்பாவுக்கும் இருந்தது. உயிருக்கு ஒண்டும் செய்யாது. கோப்பை, பேனை, ஊசி நூல், இதுகளோடைதான் சண்டை. கஜந்திக்கு வரலாம், வராமலும் விடலாம். இதைச் சொல்லச் சொல்லி அவதான் சொன்னவ."

கஜந்தி என்னருகில் கதிரையின் கையில் வந்து இருந்துகொண்டு, "யதுவுக்கு நான் முதல் மாசமே சொல்லிட்டன் மாமா. ஹீ நோஸ்" என்றாள். யதுஷன், "நான் கூகிள் பண்ணியும் பார்த்தனான்" என்றான்.

 இளங்கீரன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கட பக்கத்திலை சீனி வருத்தம் எல்லாருக்கும். என்ர தமையனுக்கு வலிப்பு. அதை நாங்களும் உங்களுக்குச் சொல்லேல்லைத்தானே."

"அதை ஏனப்பா இப்ப சொல்லுறியள்?" என்றார் பத்மினி.

"அவர் சொல்லுறார், நான் சும்மா இருக்கிறதே?"

சிரித்தது நான் ஒருவன் மட்டும்தான். பத்மினி எழுந்து, நேரமாகிறது என்றார். பலகாரத் தட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. கார் போன பிறகு கஜந்தி அழவில்லை. பயற்றம் பணியாரம் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

குழம்பினால் அது என்னால்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

மூர்த்தி


வெஸ்ட்மீட்
24.04.2024

ஈஸ்வரமூர்த்திக்கு,

நாற்பத்து மூன்று வருடம் உன்னை நான் பாதுகாத்தேன். நீ ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் எல்லாவற்றையும் ஊற்றிவிட்டாய். பத்மினியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இந்தக் கலியாணம் நின்றால் என் வீட்டுப் படி ஏறாதே.

சிவமணி


மல்கிரேவ்
29.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லது, ஏறவில்லை.

ஆனால் பாதுகாத்தேன் என்று எழுதாதீர்கள். பாதுகாத்தது என்னையல்ல, கதையை. நான் அந்தக் கதைக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தேன். இவ்வளவு கடுமையாக நான் உங்களுக்கு எழுதியதில்லை. அழித்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். அழிக்கவில்லை.

நேற்றுப் பாம்பு முதல் முயற்சியிலேயே எலியைப் பிடித்தது.

மூர்த்தி


வெஸ்ட்மீட்
13.05.2024

தம்பி மூர்த்தி,

இதைக் கையால் எழுதுகிறேன். இந்த ஒரு வரிக்கே ஐந்து நிமிடம் பிடித்தது. உன்னால் வாசிக்க முடியாவிட்டால் கஜந்தியிடம் கொடுக்காதே, நீயே வைத்துப் பார்.

எனக்கு ஆறு வருடமாக இருக்கிறது. முதலில் வலது கை. இப்போது இரண்டும். முழங்கால் நோ இல்லை. அன்று வந்தால் எனக்கும் ஒரு கோப்பை தருவார்கள். அதனால்தான் வரவில்லை. நீ அந்தத் தட்டோடு வந்தபோது உன் கையைப் பார்க்க முடியாமல் திரையை நிறுத்தினேன். உன் கைக்காகத்தான் நிறுத்தினேன் என்று நினைத்திருப்பாய். எனக்கு என் கை தெரிந்தது.

நீ எழுதினாயே, சுத்தம் என்று விற்கிற குட்டிகள். அதை வாசித்த அன்று உன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பத்மினி நேற்று எடுத்தார். நாள் மாறவில்லையாம், ஜூன் 8 தானாம். மூன்று கிழமை என்ன யோசித்தார் என்று கேட்டேன். "யோசிக்கேல்லை அக்கா, மகனோடை சண்டை பிடிச்சனான், தோத்துப் போனன்" என்றார். எழுத்துக்குப் பாம்பு வரக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. இவ்வளவு நேரே பேசுகிற மனுசியோடு நான் எப்படிச் சம்பந்தம் செய்யப் போகிறேனோ தெரியாது.

இதுவரை எழுதியது இலகு. இனி எழுதப்போவதற்காகத்தான் பேனையை எடுத்தேன்.

தவமலர் அன்று அறைக்குள் என்னிடம் கேட்டது வேறு. கைப்பைக்குள் உன் கடிதம் ஒன்று வைத்திருந்தாள். அதை விரித்து வைத்துக்கொண்டு, "இது அந்தக் கை எழுதினதில்லை. ஆர் எழுதினது?" என்றாள். நான் எழுதினேன் என்றேன். கடிதத்தைத் திரும்ப மடித்தாள். பிறகு சொன்னாள்: "கை நடுங்கினா என்னக்கா. நடுங்கிற கையாலை ரெண்டு வரி எழுதியிருக்கலாம். ஏழு மாசம் நான் உங்களுக்கெல்லே மறுமொழி எழுதியிருக்கிறன்."

அவள் உன் கையை வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கையைத்தான் வேண்டாம் என்றாள். வெளியே வந்து நான் மாற்றிச் சொன்னேன். அப்போது அதுதான் சுலபமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்லக் கடினமாகிக்கொண்டே போனது.

நீ என்ன எழுதினாலும் வாசிப்பேன்.

அக்கா


மல்கிரேவ்
20.05.2024

அக்காவுக்கு,

நானும் கையால் எழுதுகிறேன். நாற்பத்து நான்கு வருடத்தில் இதுதான் முதல் கடிதம். கோடுகள் மேலும் கீழும் போகின்றன. நீங்கள் வாசிப்பீர்கள்.

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் பாம்பின் குறிப்புப் புத்தகத்தைக்கூட நான் திறக்கவில்லை. நான்காம் நாள் அது பசியில் கண்ணாடியை முட்டியது. எழுந்து எலியை எடுத்து வைத்தேன்.

மன்னித்தேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வரும் என்றும் வாக்குத் தர முடியாது. எனக்கு ஒரு வீடு இருந்திருக்கலாம். ஒரு பெண் என் இரண்டு கோணல் வரிகளை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். அல்லது நடுக்கத்தை முதலிலேயே கண்டு அவளும் போயிருக்கலாம். அதை அவள் தீர்மானித்திருப்பாள், நீங்கள் அல்ல. இதற்கு மேல் எழுதினால் கோபம் கையை இன்னும் ஆட்டும். ஆகவே விடுகிறேன்.

எழுத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நான். என் இடத்துக்குச் சிறிதரன் அண்ணை என்று நீங்கள் முடிவுசெய்திருந்தீர்கள். அவரை நான் எடுத்துக் கதைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. மற்றச் சாட்சி நீங்கள். கஜந்திக்கும் சொல்லிவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, ஆகவே உங்கள் கையைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மெல்பேர்ணுக்கு வரும்போது இவற்றைக் கவனியுங்கள். மெல்லிய பேனை கூடாது, தடித்தது வேண்டும், என்னிடம் இரண்டு இருக்கின்றன. நின்றுகொண்டு எழுத வேண்டாம், கதிரையில் இருந்து, மணிக்கட்டை மேசையின் விளிம்பில் ஊன்றுங்கள். எலி கொடுக்கும்போது நான் செய்வது அதுதான், ஆட்டம் பாதியாகும். எழுதும்போது ஆரும் பார்க்கிறார்களா என்று நிமிர்ந்து பார்க்காதீர்கள். பார்ப்பார்கள்.

பதிவுகாரரின் பத்திரத்தின் மாதிரி ஒன்றை எடுத்துச் சாட்சிக்குரிய கட்டத்தை அடிமட்டத்தால் அளந்தேன். நீளம் ஆறு சென்ரிமீற்றர், உயரம் ஒன்றரை. இரண்டு நாள் பழகிப் பார்த்தேன். என் பெயர் அதற்குள் நிற்கவில்லை, மேலே ஒரு கால், கீழே ஒரு கால் வெளியே போகிறது. உங்களுடையதும் போகும்.

போகட்டும். முதலில் நான் போடுகிறேன். பிறகு பேனையை உங்களிடம் தருவேன்.

தம்பி
ஈஸ்வரமூர்த்தி